கொடைக்கானலில் ஒரு கைதிப் பாட்டி

கைதி என்றதும் கம்பி, களி, கைவிலங்கு என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். இந்தக் கைதிக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. இத்தாலிக்காரர். டாக்டருக்குப் படித்தவர். பல தேசங்களில் பேர் தெரிந்தவர். அவர் செய்த ஒரே குற்றம், தப்பான நேரத்தில் தப்பான தேசத்துப் பிரஜையாக இருந்ததுதான்.

மரியா மாண்டிசோரி.

பெயரைப் படித்ததுமே உங்கள் தெருமுனையில் தொங்கும் ஏதாவது ஒரு பள்ளிக்கூட போர்டு ஞாபகத்துக்கு வந்திருக்கும். கூடவே அங்கே கட்டிய ஃபீஸும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் நம்ம பழனி மலையில், கொடைக்கானலில், இரண்டு வருஷம் குடியிருந்தார் என்பது பல பேருக்குத் தெரியாது. நாம்தான் ஏரியில் படகு விட்டு, சாக்லேட் வாங்கி, யூகலிப்டஸ் தைலத்தோடு கீழே இறங்கிவிடுகிறோமே.

அந்தப் பாட்டி கொடைக்கானலில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்ப்பதற்கு முன்னால், ரோமாபுரிக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

வருஷம் 1907. ரோமில் சான் லொரென்ஸோ என்று ஒரு பகுதி. ஏழைத் தொழிலாளிகள் நிறைந்த இடம். அங்கே ஒரு கட்டட கம்பெனி பழைய குடியிருப்புகளைப் பழுது பார்த்து வாடகைக்கு விட்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூட வயது வராத பொடிசுகள் வீட்டில். சும்மா இருக்குமா? சுவரில் கிறுக்கின, படிக்கட்டை நாசம் செய்தன. கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிற செலவைவிட, ஓர் அறையை ஒதுக்கி, ஓர் ஆளைப் போட்டு, இந்த வாண்டுகளை மேய்ப்பது மலிவு!

பி.காம். படித்தவனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இருபதாம் நூற்றாண்டின் பெரிய கல்விப் புரட்சி, ரிப்பேர் செலவுக் கணக்கில் ஆரம்பித்திருக்கிறது.

மேய்க்கிற பொறுப்பு டாக்டர் மாண்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6. சுமார் ஐம்பது குழந்தைகள். யாரோ புண்ணியவான்கள் பொம்மைகள் வாங்கிக் கொடுத்தார்கள். குழந்தைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓரமாகப் போட்டுவிட்டன. கை கழுவுவது, மேஜை துடைப்பது, தட்டு எடுத்து வைப்பது, பட்டன் போடுவது - இதில்தான் அவற்றுக்கு உயிர். ஒருநாள், சத்தம் வராமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று டாக்டர் கைக்குட்டையை வைத்துச் செய்து காட்டினார். முடித்ததும் குழந்தைகள் கைதட்டின. விளையாட்டுக்கு இல்லை, நிஜமான கைதட்டல். சதா சர்வகாலமும் 'மூக்கைத் துடை' என்று திட்டு வாங்கிய ஜீவன்களுக்கு, முதல் முறையாக ஒருவர் திட்டாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

அடுத்து எழுத்து. மரத்தில் அழகாகச் செதுக்கிய எழுத்துகள் கிடைத்தால் குழந்தைகள் விரலால் தடவிப் பழகலாம் என்று டாக்டருக்கு ஆசை. முன்பு வேறொரு பள்ளியில் அப்படி ஒன்று செய்து வைத்திருந்தார். ஆனால் காசு? என்ன செய்தார்? உப்புத்தாளை வாங்கி, எழுத்து எழுத்தாக வெட்டி, அட்டையில் ஒட்டினார். அவ்வளவுதான். குழந்தைகள் அதை விரலால் தடவித் தடவி, ஒரு நாள் திடீரென்று சாக்பீஸை எடுத்துத் தரையெல்லாம் எழுதித் தள்ளின.

அந்த உப்புத்தாள் எழுத்து இன்றைக்கும் உலகமெங்கும் மாண்டிசோரி வகுப்புகளில் இருக்கிறது. மெருகேற்றிய பலகையில், அழகான பெட்டியில், விலைப்பட்டியலோடு. பிறந்தது என்னவோ காசில்லாத கையில், கத்திரிக்கோலில்.

ஓலைக் குடிசையில் இருந்து மலைக்கு

1939 நவம்பர். அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவருடைய மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததன் பேரில் மாண்டிசோரி சென்னை வந்து இறங்கினார். கூடவே மகன் மரியோ. அடையாறில் ஓலைக் குடிசைகள் போட்டு, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த முந்நூறு பேர் மாதிரி உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். பாட்டி இத்தாலியில் பேசுவார், மரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். சில மாதம் இருந்து பயிற்சி கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதாக ஏற்பாடு.

யுத்தம் விடவில்லை. 1940 ஜூன் 10. முசோலினி பிரிட்டனுக்கு எதிராகப் போர் அறிவித்தார். அந்த நிமிஷத்திலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எல்லோரும் எதிரி தேசத்தார். இத்தனைக்கும் முசோலினியோடு ஒத்துப்போக முடியாமல் பாட்டி இத்தாலியை விட்டு வெளியேறிப் பல வருஷம் ஆகியிருந்தது. சட்டத்துக்கு அதெல்லாம் தெரியுமா? மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். பாட்டியை அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மரியோ, கல்யாணம் ஆகாமல் மாண்டிசோரிக்குப் பிறந்த பிள்ளை. அந்தக் காலத்து இத்தாலியில் அது வெளியே தெரிந்தால் டாக்டர் வேலை, பேர், எல்லாம் போயிற்று. கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் விட்டுத்தான் வளர்த்தார். பெரியவனாகி அம்மாவிடம் வந்து சேர்ந்த பிறகும், ஊருக்கு 'உறவுக்காரப் பையன்'தான். உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் பாதை போட்டவருக்கு, சொந்தக் குழந்தையை வாய்விட்டு மகனே என்று கூப்பிட முடியவில்லை.

1940 ஆகஸ்ட் 31. பாட்டிக்கு எழுபதாவது பிறந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக உங்கள் மகனையே திருப்பி அனுப்புகிறோம் என்று செய்தி. மகன்! சர்க்கார் தந்தியிலேயே அந்த வார்த்தை. மரியோ விடுதலையாகி வந்தார். அதன்பிறகு அவர் உறவுக்காரப் பையன் இல்லை.

1942 ஏப்ரலில் நிலைமை இன்னும் மோசம். 5ஆம் தேதி கொழும்பில் ஜப்பானின் குண்டு. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று ஊரே மூட்டை கட்டியது. சர்க்கார் ஆபீஸ்கள் உள்ளூர்களுக்கு மாறின. அந்தக் கலவரமான வருஷத்தில்தான் அம்மாவும் பிள்ளையும் கொடைக்கானலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏழாயிரம் அடி உயரத்தில், 1944 மார்ச் வரைக்கும் வாசம்.

சும்மா உட்காருகிற பாட்டியா அது? ஒரு சின்னப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தாயிற்று. உதவிக்கு லீனா விக்ரமரத்ன என்கிற இலங்கைக்காரர். யுத்தத்துக்குப் பயந்து மலையேறி வந்த குடும்பங்கள் இருந்தன. வெள்ளைக்காரக் குழந்தை, இந்தியக் குழந்தை, சின்னது, பெரிசு என்று கலந்துகட்டி வந்தார்கள். வயதுக்கு ஒரு வகுப்பு என்று தடுப்புப் போடவில்லை. அதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பெரிய பிள்ளைகளுக்கு என்று வைத்த விஷயத்தில் சின்னதுகள் வந்து மூக்கை நுழைத்தன. ஓர் இலையைக் காட்டி அதன் பாகங்களுக்குப் பெயர் சொன்னால், பெரிசுகளைவிடப் பொடிசுகள் ஆசையாகப் பிடித்துக்கொண்டன.

கொடைக்கானலில் சாமானுக்குப் பஞ்சமா? வாசலைத் தாண்டினால் செடி, பூச்சி, கல், ஓடை. குழந்தைகள் போய்ப் பொறுக்கிக்கொண்டு வரும். இனம் பிரிக்கும். பெயர்ச்சீட்டு வைக்கும். தாவரம், விலங்கு, பூமி, நட்சத்திரம் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக்கொண்டிருக்கின்றன என்று சொல்லித் தருகிற பாடமுறை அங்கேதான் உருப்பெற்றது. பிரபஞ்சக் கல்வி என்று அதற்குப் பெயர். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்குமான மாண்டிசோரி பாடத்துக்கு இன்றுவரை அதுதான் அஸ்திவாரம். மரியோ பிற்பாடு கொடைக்கானல் அனுபவத்தைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கிறார். (பழனி மலைக் குறிஞ்சி மட்டும் பாட்டிக்குக் காட்சி கொடுத்திருக்காது. 2006, 2018 என்று பன்னிரண்டு வருஷக் கணக்கைப் பின்னால் ஓட்டினால் 1934க்கு அப்புறம் 1946தான் வருகிறது.)

ஏழைப் பிள்ளைக்கு யார் கொடுப்பது?

மாண்டிசோரியின் முறையில் ஒரு சங்கடம் உண்டு. அவருடைய சாமான்கள் துல்லியமானவை. இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒன்று. பத்து மரக் கட்டைகள். சின்னது ஒரு சென்டிமீட்டர், பெரியது பத்து. நடுவில் ஒன்று கொஞ்சம் பிசகினாலும் பாடமே போயிற்று. இதைச் செய்யக் கெட்டிக்காரத் தச்சர் வேண்டும். விலை ஏறும்.

1931இல் லண்டனில் மகாத்மா காந்தி மாண்டிசோரியைச் சந்தித்தபோது இந்தக் கவலை அவர் மனசில் இருந்தது. பயிற்சிக் கல்லூரியில் குழந்தைகளைப் பார்த்து மனம் நெகிழ்ந்துபோனார். கூடவே, இந்தியக் கிராமங்களில் அரைப்பட்டினி கிடக்கும் கோடிக்கணக்கான குழந்தைகளையும் நினைத்துக்கொண்டார். இந்தச் சௌகரியம் அவர்களுக்கு எப்படிப் போய்ச் சேரும்? ஆறு வருஷம் கழித்து 1937இல் வார்தாவில் அவர் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை நடுவில் வைத்தது. நூற்பு, நெசவு, தச்சு. கையால் செய்து அறிவால் பிடிப்பது.

கைக்கெட்டிய பொருளை வைத்தே இந்த முறையை நடத்திக் காட்டியவர்கள் நம் தேசத்தில் இருந்தார்கள். குஜராத்தில் கிஜுபாய் பதேகா, பவநகரில் 1920இல் பால்மந்திர் தொடங்கினார். அவரோடு வேலை பார்த்த தாராபாய் மோடக், 1945இல் மகாராஷ்டிராவின் போர்டி கிராமத்துக்குப் போனார். ஏழை வீட்டுக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லையா? சரி, பள்ளி அவர்கள் முற்றத்துக்குப் போகட்டும். கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை, குச்சி. இவைதான் சாமான். முற்றத்துக்கு மராத்தியில் அங்கண். அங்கண்வாடி! ஆமாம், நம்ம ஊர் அங்கன்வாடிக்கு அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1975 அக்டோபர் 2இல் மத்திய அரசு குழந்தை வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பித்தபோது பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது. சத்துமாவும் தடுப்பூசியும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. கூழாங்கல்லும் கிளிஞ்சலும் எத்தனை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்பது வேறு கேள்வி.

இன்னொரு நம்மூர்க்காரரையும் சொல்லிவிட வேண்டும். டி. சுந்தர ராவ். சர்க்கார் உத்தியோகஸ்தர். ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் 1837இல் ஆரம்பித்த பாலர் பள்ளி முறையில் காகிதம் மடிப்பதும் ஒரு பயிற்சி. அதைப் பார்த்த சுந்தர ராவுக்கு ஒரு பொறி தட்டியது. ஸ்கேல் வேண்டாம், காம்பஸ் வேண்டாம், சதுரமான ஒரு காகிதத்தை மடித்தே வடிவ கணிதத்தைச் செய்து காட்டலாமே! 1893இல் சென்னையில் புத்தகமாகப் போட்டார். ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் க்ளைன் அதைத் தன் நூலில் குறிப்பிட, அமெரிக்காவில் 1901இல் மறுபதிப்பு வந்தது. அதற்கப்புறமும் பல பதிப்பு. குழந்தைகள் மடிக்கிற காகிதம், சரியான ஆள் கையில் கிடைத்தால் சிகாகோ வரைக்கும் போகும்.

யாருடைய கை?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். ராத்திரி பத்து மணி. எல்.கே.ஜி. குழந்தை தூங்கிவிட்டது. அப்பா தெர்மகோல் வெட்டுகிறார், அம்மா ஃபெவிகால் தடவி ஜிகினா ஒட்டுகிறார். என்ன சார் இது? குழந்தையோட ப்ராஜெக்ட்! மறுநாள் டீச்சர் ஸ்டார் போடுவார். யாருக்கு? தூங்கிய குழந்தைக்கு.

இந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை. செலவு நம்முடையது, உழைப்பு நம்முடையது, வரவு மட்டும் குழந்தை பெயரில். ஆனால் நிஜ வரவு என்ன? விரலுக்குப் பலம் வரவில்லை. கவனம் நிற்கவில்லை. 'நீ செய்தால் நன்றாக இருக்காது' என்று ஒரு பாடம் மட்டும் மனசில் பதிந்துவிட்டது. நான்கு வயதில் அந்தப் பாடம் பதிந்தால் அழிப்பது கஷ்டம்.

மாண்டிசோரி என்கிற பெயருக்குக் காப்புரிமை கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1967இல் அமெரிக்காவில் அது வழக்காகி, பொதுப்பெயர் என்று தீர்ந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். ஆகவே போர்டைப் பார்க்காதீர்கள். உள்ளே குழந்தைகளின் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். கைகட்டி உட்கார்ந்திருந்தால், ஃபீஸ் எவ்வளவாக இருந்தாலும் அது மாண்டிசோரி இல்லை.

இளஞ்சிவப்புக் கோபுரத்தை வீட்டில் செய்ய முடியாது. வேண்டியதும் இல்லை. மாண்டிசோரி வகுப்பில் அதற்கு முன்னால் வருவது அன்றாட வீட்டு வேலைதான். அதற்கான சாமான் உங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு டம்ளர். ஒன்றில் பாதி அரிசி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றச் சொல்லுங்கள். சிந்தாமல் வந்ததும் அரிசிக்குப் பதில் தண்ணீர். பக்கத்தில் ஒரு கைத்துணி. சிந்தினால் துடைப்பதும் வேலையில் சேர்த்தி. முடிந்தால் கண்ணாடி டம்ளர் கொடுங்கள். உடைகிற பொருளைக் கொடுத்தால்தான் கை நிதானப்படும் என்பது பாட்டியின் கட்சி.

துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, மொச்சை. மூன்றையும் கலந்து, மூன்று கிண்ணத்தில் பிரிக்கச் சொல்லுங்கள். பழகியபின் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிக்கட்டும். மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போய்விடும். பெரிய குழந்தை என்றாலும் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

ஒரே மாதிரி ஆறு டப்பா. இரண்டில் அரிசி, இரண்டில் பருப்பு, இரண்டில் புளியங்கொட்டை. மூடி ஒட்டிவிடுங்கள். ஆட்டிப் பார்த்து ஜோடி சேர்க்க வேண்டும். காதுக்கு வேலை. தையற்கடையில் கேட்டால் வெட்டுத்துணி சும்மாவே கிடைக்கும். பட்டு, காடா, வெல்வெட், டெரிகாட்டன், ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு. கண்ணைக் கட்டித் தடவி ஜோடி சேர்ப்பது விரலுக்கு வேலை.

ஹார்டுவேர் கடையில் ஒரு உப்புத்தாள். வீட்டில் குவிந்து கிடக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டை. ட, ப என்று நேர்க்கோட்டு எழுத்தில் ஆரம்பித்து வெட்டி ஒட்டுங்கள். எழுதுகிற திசையிலேயே விரலால் தடவ வேண்டும். இது ரோமில் பிறந்ததென்று ரொம்ப ஆச்சரியப்பட வேண்டாம். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுதியதும், விஜயதசமி அன்று அரிசித் தட்டில் குழந்தை விரலைப் பிடித்து அகரம் எழுதுவதும் இதே சங்கதிதான். நாம் ஒரு நாளோடு நிறுத்திவிட்டு, அரிசியைப் பொங்கிவிட்டோம்.

பழைய கைக்குட்டையின் நடுவில் ஒரு நேர்க்கோடு நூல் ஓட்டிக் கொடுங்கள். அதன்மேல் மடிக்கட்டும். அப்புறம் காகிதம். சதுரத்தைக் குறுக்கே மடித்தால் முக்கோணம். இன்னொரு முறை மடித்தால் இன்னும் சின்ன முக்கோணம். பாதி, கால், அரைக்கால் எல்லாம் பேச்சில்லாமல் விரலுக்குள் போய்விடும். சுந்தர ராவ் சந்தோஷப்படுவார்.

மலைக்காற்று வேண்டுமென்றால் தெருவில் இறங்குங்கள். வேம்பு, முருங்கை, பூவரசு. இலைகளைப் பொறுக்கிவந்து பழைய நோட்டுக்குள் வைத்து அழுத்துங்கள். மேலே தாள் போட்டு கிரேயானால் தேய்த்தால் நரம்பெல்லாம் எழுந்து வரும். பக்கத்தில் பெயர் எழுதுங்கள். கொடைக்கானலில் நடந்தது இதன் பெரிய பதிப்புதான்.

செய்முறையில் ஒன்றே ஒன்று முக்கியம். முதலில் நீங்கள் மெதுவாக, பேசாமல், ஒரு தடவை செய்து காட்டுங்கள். பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கோணலாக மடிந்தால் மடியட்டும். குழந்தை எதிரிலேயே பிரித்துத் திருத்தாதீர்கள். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்புவதற்காக நிறுத்தாதீர்கள். ஒரே வேலையை இருபது முறை செய்கிறதா? விடுங்கள். அதுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

பாட்டி 1946இல் ஐரோப்பா திரும்பினார். மனசு கேட்கவில்லை. மறு வருஷமே அடையாறுக்கு வந்தார். இங்கே பேசிய பேச்சுகளிலிருந்து உருவான அவருடைய முக்கியமான புத்தகங்களில் ஒன்றை 1949இல் அடையாறுதான் வெளியிட்டது. 1952 மே 6இல், ஹாலந்தில் காலமானார். 1970இல் அவர் நூற்றாண்டுக்கு இந்தியா தபால்தலை போட்டது.

அடுத்த முறை கொடைக்கானல் போனால் ஏரியைச் சுற்றும்போது குழந்தையை அவசரப்படுத்தாமல் கொஞ்சம் விடுங்கள். குனிந்து எதையாவது பொறுக்கும். 'சீ, கீழே போடு' என்று சொல்ல வாய் வரும். சொல்லாதீர்கள். அதை வைத்துக்கொள்ள ஒரு காலி டப்பா கொடுங்கள்.